லாரிப் பட்டையில் அடித்த காய்கறிக் கத்தி: ஒரு வீட்டுச் சோதனையின் பதிவு

பின்னணி

மதுரையை ஒட்டிய புறநகர் ஒன்றில் உள்ள வீடு. அறுபதைத் தாண்டிய மாமியார், வேலைக்குப் போகும் மகனும் மருமகளும், பள்ளியில் படிக்கும் ஒரு பெண் குழந்தை. காலைச் சமையலுக்கு மருமகள் மேடையில் நின்றபடி நறுக்குவார். மற்ற நேரத்தில் மாமியார் தரையில் உட்கார்ந்து அருவாமனையில் அரிவார். கத்தியை எடுத்தாலும் அவர் பலகை வைத்துக்கொள்வதில்லை. காயைக் கையில் பிடித்தே துண்டு போடுவார். ஒரே அடுப்படியில் இப்படி இரண்டு பழக்கம். பின்னால் நடந்த பலதுக்கும் இதுதான் வேர் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இருந்த எவர்சில்வர் கத்திகள் மழுங்கிக் கிடந்தன. தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் கொடுத்தால் சில நாள் வெட்டும், அப்புறம் பழையபடி தக்காளித் தோலை நசுக்கும். சலித்துப்போன மகன், ஊருக்குப் போகும் வழியில் ஒரு கொல்லுப்பட்டறையில் புதுக்கத்தி அடித்துத் தரச் சொன்னார். “காய்கறி வெட்ட நல்ல கத்தியா ஒண்ணு வேணும், கொஞ்சம் பெருசா இருக்கட்டும்” என்பதுதான் அவர் கொடுத்த மொத்தக் குறிப்பு.

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் உள்ள திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பேர்போன ஊர். இந்தக் கத்தியை அடித்த கொல்லர் அந்த ஊர்க்காரர் இல்லை. ஆனால் இந்த வட்டாரத்துப் பட்டறைகள் பலவற்றில் வேலை ஒரே மாதிரிதான்: அரிவாள், கோடாரி, மண்வெட்டி, கறிக்கடைக் கத்தி. ஓங்கி வெட்டுவதற்கான சாமான்கள் அவை. காய்கறிக் கத்தி அங்கே எப்போதாவது வரும் வேலை.

வீட்டுக் கத்திகளுக்குச் சாணை பிடிப்பதும், கேட்பவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் எனக்கு நெடுநாள் பழக்கம். கத்தி வந்த அன்றே மகன் என்னைக் கூப்பிட்டார். வீட்டாரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கையால் அடித்த கத்தி வாங்கும் பலர் முதல் மாதத்திலேயே “இது சரிப்படாது” என்று அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட வேண்டிய கத்திகள் மிகக் குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

வந்த கத்தி

அலகு 18 செ.மீ. நீளம், பிடிப்பக்கம் 4.5 செ.மீ. அகலம். முதுகு 4 மி.மீ. தடிமன். எடை 300 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. புளியமரப் பிடி, அதன் வாயில் ஒரு பித்தளைப் பூண். அலகின் பக்கவாட்டில் சம்மட்டி பட்ட குழிவுகள் அப்படியே தெரிந்தன. உலைச் சூட்டில் இரும்பின் மேல் படியும் கறுப்புப் பொருக்கு, அதாவது உலைக்கருக்கு, பாதி போகாமல் இருந்தது. பார்க்க அழகான கத்தி. பூணுக்கும் மரத்துக்கும் நடுவில் மட்டும் மயிரிழை இடைவெளி இருந்தது. தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் காம்பு துருப்பிடிக்கும் என்பதால் அன்றே எபாக்சிப் பசை வைத்து அடைத்தோம்.

இரும்பு, தேய்ந்துபோன லாரியின் வில்பட்டை. பட்டறைகளில் அரிவாளுக்கும் பெரும்பாலும் இதுதான். இந்த எஃகில் கரிமம் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். கூடவே வகையைப் பொறுத்து சிறிதளவு சிலிக்கானோ குரோமியமோ சேர்ந்திருக்கும். சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் நன்றாக இறுகும், சட்டென்று உடையாது. ஆனால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். வில்பட்டையில் அதிகம் போனால் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

தோய்ச்சல் எப்படிப் போட்டார் என்று மகன் கேட்டு வைத்திருந்தார். சிவப்பு மாறி ஆரஞ்சு தட்டும்வரை உலையில் வைத்து, எண்ணெயில் முக்கி, பிறகு இளஞ்சூட்டில் மறுபடி காட்டியிருக்கிறார். இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத்தில் ஒட்டாது. அதை வைத்துச் சூட்டைக் கணிக்கும் கொல்லர்களும் உண்டு. இவர் நிறத்தை மட்டுமே பார்ப்பவர். அவர் கண் சரியாகத்தான் கணித்திருந்தது என்று பின்னால் தெரிந்தது.

முதல் நாள்

முதல் வேலை கழுவுவது. பட்டறையிலிருந்து வரும் கத்தியில் தோய்ச்சல் எண்ணெயும் உலைக்கருக்கும் அரவைத்தூளும் ஒட்டியிருக்கும். அந்த எண்ணெய் எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. வண்டியில் வடித்த பழைய எண்ணெயைப் பயன்படுத்தும் பட்டறைகளும் இருக்கின்றன. சுடுதண்ணீரும் பாத்திர சோப்பும் போட்டு, நாரால் திரும்பத் திரும்பத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை ஒட்டாத நிலை வரும்வரை கழுவினோம். அதற்குப் பிறகுதான் காய் பக்கம் கொண்டுபோனோம்.

மருமகள் முதலில் தக்காளியை எடுத்தார். கத்தி தோலில் வழுக்கியது. செய்தித்தாளின் ஓரத்தில் இழுத்துப் பார்த்தால் ஓரிடத்தில் வெட்டியது, அடுத்த இடத்தில் கிழித்தது. கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, விரல் நகத்தின் மேல் குறுக்காக மெல்ல வருடியபோது ஒரு பக்கம் பிசிறு, அரைத்ததில் ஓரம் மடங்கி நிற்கும் மெல்லிய இரும்பு, தட்டுப்பட்டது. அரவைக் கல்லில் பிடித்து அப்படியே கொடுத்த கத்திகளில் இது சாதாரணம். பிசிறுதான் முதல் சில வெட்டுக்குக் கூர் மாதிரிக் காட்டும், அப்புறம் மடங்கிக்கொள்ளும்.

அடுத்தது கேரட். பாதிவரை நன்றாக இறங்கிய கத்தி, அதற்குமேல் போகாமல் ‘டக்’கென்று சத்தம் போட்டுக் காயைப் பிளந்தது. துண்டு பறந்து அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. வெட்டிய முகத்தைப் பார்த்தால் மேல்பாதி வழவழப்பு, கீழ்ப்பாதி சொரசொரப்பு. பரங்கிக்காயில் நடுவிலேயே சிக்கி நின்றது. கத்தியைக் காயோடு சேர்த்துத் தூக்க வேண்டியிருந்தது.

“வேஸ்ட்டா வாங்கிட்டோமோ?” என்று மகன் கேட்டார். கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். நான் வேண்டாம் என்றேன். வழுக்கலும் பிளத்தலும் ஒரே குறையா, இரண்டு குறைகளா என்று அப்போது சொல்ல முடியவில்லை. கூர் இல்லாததால் இருக்கலாம், வடிவத்தால் இருக்கலாம், எஃகே பதம் இல்லாமல் இருக்கலாம். மூன்றையும் ஒன்றாகத் தொட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொன்றாகப் போவது என்று முடிவெடுத்தோம்: முதலில் எஃகு, அடுத்து கூர், அதற்குப் பிறகும் குறை இருந்தால் வடிவம்.

எஃகைச் சோதிக்க ஒரு வழவழப்பான அரத்தின் மூலையை, பிடிக்குப் பக்கத்தில் வாயின் மேல் மெல்ல இழுத்தேன். பதம் ஏறாத இரும்பாக இருந்தால் அரம் கடிக்கும், தூள் வரும். இதில் அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கி, லேசாக ஒரு கீறல் மட்டும் விட்டது. தோய்ச்சல் சரி. அப்படியானால் இந்தக் கத்தியைச் சீர்படுத்த முடியும்.

இன்னொன்றும் அன்று கண்ணில் பட்டது. மருமகள் எவர்சில்வர் தட்டில் வைத்துத்தான் நறுக்கிக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு கிரானைட் மேடையிலேயே நறுக்குவதும் உண்டாம். எவ்வளவு நல்ல கத்தியானாலும் அதில் வாய் மடங்கிவிடும். பழைய கத்திகள் ஒரு வாரத்தில் மழுங்கியதற்கும் பாதிக் காரணம் இதுதான். மரப்பலகை வரும்வரை புதுக்கத்தியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். கறிக்கடைகளில் புளியங்கட்டை போடுவது சும்மா இல்லை. வாயைக் கெடுக்காது, சிலாம்பும் எளிதில் பெயராது. வீட்டுக்கு வேப்பம்பலகை கிடைத்தது. பிளாஸ்டிக் பலகையும் போதும்.

கூர் ஏற்றியது

பலகை வந்த பிறகு கல் வைத்தோம். முதலில் சொரசொரப்பான 400 எண் கல்லில் இரண்டு பக்கமும் வாயைச் சமன்செய்து, நைசான 1000 எண் கல்லில் முடித்தோம். முதுகைக் கல்லிலிருந்து ஒன்றேகால் செ.மீ. போலத் தூக்கிப் பிடித்தால் இந்த அகலக் கத்திக்குச் சுமார் 16 டிகிரி வரும். பிசிறு ஒரு பக்கம் முழுநீளத்துக்கும் எழும்பியதை விரலால் உணர்ந்த பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். மருமகள் இதை வேகமாகப் பிடித்துக்கொண்டார். கடைசியில் பிசிறை மடித்த செய்தித்தாளில் பின்னோக்கி இழுத்து எடுத்தோம்.

தக்காளி, கையின் எடையே போதும் என்ற அளவுக்கு வெட்டியது. வெங்காயம் பொடியாக வந்தது. ஆனால் கேரட் அதே ‘டக்’. முதல் நாளைக்கும் இன்றைக்கும் சத்தத்தில்கூட வித்தியாசம் இல்லை. கூர் காரணம் இல்லை என்று இதிலிருந்து உறுதியானது.

வடிவத்தில் உடனே கைவைக்கவில்லை. கத்தியை அன்றாடச் சமையலில் கொஞ்ச நாள் புழங்கவிட்டு, வேறு என்னென்ன வெளிப்படுகிறது என்று பார்க்க நினைத்தோம். பட்டறைக்குத் திரும்பப் போவதென்றால் எல்லாக் குறையையும் ஒரே தடவையில் சொல்லிவிடலாம்.

கறுப்பு

கத்தி புழக்கத்துக்கு வந்த இரண்டாம் நாளே மருமகள் போன் செய்தார். தயிர்ப் பச்சடிக்கு நறுக்கிய வெங்காயம் ஓரத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது, இரும்பு வாடையும் அடிக்கிறது, கத்தியில் நீலமும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. “இரும்புன்னா கறுக்கத்தான்மா செய்யும். எங்க அம்மா வீட்டு அருவாமனையும் இப்படித்தான். புழங்கப் புழங்கச் சரியாப் போகும்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்களும் தக்காளி, எலுமிச்சையின் புளிப்பும் புது இரும்பின் மேல்தோலோடு வினைபுரிகின்றன. அந்த வினை நடக்க நடக்க அலகின் மேல் சாம்பல் கலந்த கறுப்புப் படலம் ஒன்று படிந்துவிடும். அதற்குப் பிறகு வாடையும் கறையும் தாமாகவே குறையும். அப்படி ஒட்டும் துளி இரும்பு உடம்புக்குக் கெடுதல் இல்லை. இரும்புச் சட்டியில் குழம்பு வைத்தாலும் சேர்வதுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர் 1913-இல் துருப்பிடிக்காத எஃகை உருக்கும் முன்னால், உலகத்தின் எஃகுக் கத்திகள் எல்லாமே இப்படிக் கறுத்தவைதான்.

வாழைப்பூ வேறு விஷயம். அதன் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் நல்ல கறுப்பு வரும். கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து மையும் சாயமும் செய்தது இதே வினையை வைத்துத்தான். படலம் முழுசாகப் படிந்த பிறகும் வாழைப்பூவையும் வாழைக்காயையும் இந்தக் கத்தி கொஞ்சம் கறுக்கவே செய்யும். மாமியார் வழக்கம்போல மோர்த்தண்ணீரில் அரிந்து போட்டதில் நிறம் ஓரளவு காப்பாற்றப்பட்டது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சூடான வினிகரில் ஊறவைத்துப் படலத்தை ஒரே நாளில் வரவழைக்கும் முறை உண்டு. மகனுக்கு அதில் ஆசை. நான் தயங்கியதற்குக் காரணம், எப்படியும் வடிவத்தைத் திருத்த இந்த அலகை மறுபடி தேய்க்கப் போகிறோம். அப்போது படலம் போய்விடும். ஆகவே தானாகப் படியட்டும் என்று விட்டோம். அதுவரை பச்சையாகச் சாப்பிடும் எதற்கும், எலுமிச்சைக்கும் மாங்காய்க்கும் எவர்சில்வர் கத்தி. எண்ணெயில் வதக்கும் வெங்காயம், குழம்புக் காய், எலும்பில்லாத கறி எல்லாம் புதுக்கத்திக்கு. கோழிக்கறி வெட்டிய நாட்களில் படலம் வேகமாகவும் சீராகவும் ஏறியது.

துரு

அடுத்த வாரத்தில் ஒரு ராத்திரி கத்தி கழுவும் தொட்டியில், குழம்புப் பாத்திரத்துக்கு அடியில், ஈரத்தோடு கிடந்துவிட்டது. காலையில் பிடிக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் பொரிப்பொரியாகத் துரு. உப்பும் புளியும் கலந்த தண்ணீரில் இரவு முழுக்கக் கிடந்தால் அவ்வளவுதான்.

சாம்பல் கறுப்பும் ஆரஞ்சும் ஒன்றல்ல என்பதை அன்று வீட்டார் எல்லோருக்கும் காட்டினேன். விரலால் தேய்த்தால் கறுப்புப் படலம் ஒட்டாது. துரு பொடியாக ஒட்டும், விட்டால் கீழே அரித்துக் குழி போடும். சமையல் சோடாவைக் குழைத்துத் துணியால் தேய்த்ததில் பெரும்பாலும் போனது, மீதியை மெல்லிய உப்புத்தாளால் எடுத்தோம்.

வெட்டி முடித்ததும் கழுவி, துடைத்து, ஜன்னல் ஓரம் ஆணியில் மாட்டுவது என்று ஏற்பாடாயிற்று. தொட்டிக்குள் போடவே கூடாது. துருவுக்காக மட்டுமில்லை, நுரைக்குள் கைவிடுபவருக்குக் கத்தி இருப்பது தெரியாது. ஊருக்குப் போகும்போது ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். நல்லெண்ணெய் வேண்டாம் என்றேன், அது காலப்போக்கில் பிசுபிசுப்பாக இறுகும். தேங்காயெண்ணெய் அப்படி இறுகாது. ஆணியைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் அடித்தார்கள்.

கட்டைவிரல் காயம்

இந்தச் சோதனையில் எல்லோரும் கவலைப்பட்ட நிகழ்ச்சி இது. மருமகள் வேலைக்குப் போயிருந்த நேரம். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு மாமியார் காய்களை இடதுகையில் பிடித்து, புதுக்கத்தியைத் தன் கட்டைவிரலை நோக்கி இழுத்து, நாலாகக் கீறித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வருடமாகச் செய்கிற வேலை. மழுங்கிய கத்தியில் காய் கொடுக்கும் எதிர்ப்பு எவ்வளவு என்று அவர் கைக்குத் தெரியும். அந்த அளவுக்கே அழுத்தம் கொடுத்தார். இந்தக் கத்தியில் அந்த எதிர்ப்பு இல்லை. காயைத் தாண்டிக் கட்டைவிரலின் சதையில் இறங்கிவிட்டது.

குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டிருக்கிறார். ரத்தம் நின்றது. கடைசியாக எப்போது டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டார் என்பது அவருக்கு நினைவில்லாததால் அன்றே போட்டுக்கொண்டார். தையல் தேவைப்படவில்லை. விரலை மடக்க முடிந்தது, உணர்ச்சியும் இருந்தது.

மாலையில் வீட்டில் வாக்குவாதம். “இந்தக் கத்தியே வேண்டாம்” என்றார் மகன். “கத்தி என்ன பண்ணும், என் கை பழக்கம்ப்பா அது” என்றார் மாமியார். “அத்தை, நீங்க இனிமே பலகையில வெச்சே வெட்டுங்களேன்” என்றார் மருமகள். மூன்று பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் அறுபது வயதைத் தாண்டியவரின் கைப்பழக்கத்தை ஒரு கத்திக்காக மாற்றச் சொல்வது நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. மாற வேண்டியது ஏற்பாடுதான்.

கையில் பிடித்துக் கீறும் வேலைக்கு 300 கிராம் கத்தி பொருந்தாது. அதன் எடையே காயைத் தாண்டியும் அதை இழுத்துப்போகும், 18 செ.மீ. நீளத்தில் முனை எங்கே இருக்கிறது என்பதையும் கண்ணால் தொடர முடியாது. அந்த வேலைக்குச் சிறிய, இலேசான கத்தி வேண்டும். அதுவரை மாமியாருக்கு அருவாமனையும் பழைய சின்ன எவர்சில்வர் கத்தியும். அந்தச் சின்னக் கத்தியையும் அன்றே கல்லில் பிடித்துக் கொடுத்தேன். ஆனால் முழுக் கூர் ஏற்றவில்லை, அவர் கைக்குப் பழகிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக மட்டும். புதுக்கத்தி பலகையின் மேல் மட்டும், மருமகளும் மகனும் மட்டும் எடுப்பது. மாமியாரும் இதற்குச் சம்மதித்தார்.

வீட்டில் எல்லோர் கையையும் பார்க்காமல் ஒரு கத்தியைச் சோதித்து முடித்ததாகச் சொல்ல முடியாது. கத்தி வாங்கியவர் ஒருவர், எடுப்பவர் இன்னொருவர் என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் நிலை.

கேரட் ஏன் பிளந்தது

இனி வடிவம். வெர்னியர் என்ற தடிமன் அளக்கும் கருவியால் அளந்தபோது, வாயிலிருந்து 1 செ.மீ. மேலே அலகு 2.4 மி.மீ. தடிமன் இருந்தது. வாயின் நுனி எவ்வளவு கூராக இருந்தாலும், அது வெட்டிய இடைவெளிக்குள் இந்தத் தடிமன் நுழைய வேண்டும். தக்காளி நெகிழ்ந்து கொடுக்கும், வெங்காயம் அடுக்கடுக்காக விலகிவிடும். கேரட் விலகாது. கத்தி ஆப்பு மாதிரி இறங்கி, ஒரு கட்டத்தில் காயைப் பிளந்துவிடுகிறது. பரங்கிக்காயில் சிக்கியதும் இதனால்தான்.

கூர் வேறு, மெலிவு வேறு. வீட்டில் “கத்தி வெட்டவே மாட்டேங்குது” என்று சொல்லும்போது இந்த இரண்டில் எது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். கேரட்டும் தக்காளியும் பக்கத்தில் இருந்தால் போதும். தக்காளியில் வழுக்கினால் கூர் போதவில்லை. தக்காளியில் நன்றாக இறங்கிக் கேரட்டைப் பிளந்தால் அலகு தடிமன். ஜப்பானில் காய்கறிக்கென்றே அடிக்கும் நாகிரி என்ற கத்தியும் பல பட்டறைகளில் கறுக்கிற இரும்பில்தான் செய்யப்படுகிறது. அது கேரட்டில் சத்தமில்லாமல் இறங்குவதற்கு வாய்ப்பக்கத்தின் மெலிவு முக்கியக் காரணம்.

தெருச் சாணைக்காரரிடம் கொடுத்து மெலிய வைக்கலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் சூடு. தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுற்றும் கல்லில் மெல்லிய வாய் சில நொடிகளில் சுட்டுவிடும். இரும்பில் வைக்கோல் நிறம் தெரிந்தால் 220, 230 டிகிரி வந்துவிட்டது. நீலம் தட்டினால் 300 டிகிரியை ஒட்டிவிட்டது என்று பொருள். அவ்வளவு சூடு ஏறிய இடத்தில் தோய்ச்சலின் பதம் இறங்கிவிடும், மறுபடி உலையில் வைக்காமல் அது திரும்பாது. வீட்டிலேயே கல்லில் தேய்த்தும் மெலிய வைக்கலாம், ஆனால் இவ்வளவு இரும்பை எடுக்க நாள்கணக்கில் ஆகும். அடித்தவரிடமே போவது என்று முடிவாயிற்று.

மறுபடி பட்டறையில்

நானும் மருமகளும் போனோம். அவர் பையில் பலகையும் கேரட்டும் எடுத்து வந்திருந்தார், அது நல்ல யோசனை. வாயால் விளக்கியிருந்தால் கொல்லர் கோபித்துக்கொண்டிருக்கலாம். அவர் முன்னால் பலகையை வைத்து ஒரு கேரட்டை வெட்டிக் காட்டினார். ‘டக்’. கொல்லர் துண்டை எடுத்து, வெட்டு முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நீளமான விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

“கத்தி கூராத்தான் இருக்கு தங்கச்சி. வாய் கனமாப் போச்சு,” என்றார். “மெல்லிசா அடிச்சுக் குடுத்தா கனமே இல்லைன்னு திருப்பிக் கொண்டாந்துடுறாங்க. பெருசா வேணும்னு உங்க வீட்டுக்காரரு சொன்னாரு. ஓட்டலுக்கு, பூசணிக்கா தேங்கா ஒடைக்கக் கேக்குறாங்கன்னு நெனச்சுட்டேன்.”

“தப்பு இல்லண்ணே, நாங்க சரியாச் சொல்லல,” என்றார் மருமகள்.

கொல்லரின் பேச்சை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். கைக்குக் கனமாக இருப்பதையே தரம் என்று வாங்குபவர்கள் நினைக்கும்போது, கொல்லர் அதற்கேற்பத்தான் அடிப்பார். அவர் கைக்கு மெல்லிய கத்தி அடிக்க வராததால் அல்ல.

இரண்டு வழி இருந்தது. மறுபடி உலையில் வைத்து அடித்து மெலிய வைத்து, புதிதாகத் தோய்ச்சல் போடுவது ஒன்று. மெல்லிய வாயைத் தோய்க்கும்போது அது கோணிக்கொள்ளலாம், விரிசல் விடலாம். தோய்ச்சலை அப்படியே விட்டு, குளிர்ந்த நிலையில் அரைத்து எடுப்பது இன்னொன்று. இருக்கும் தோய்ச்சல் நன்றாக இருந்ததால் இரண்டாவதைக் கேட்டோம். கையுறை இல்லாமல், அலகை விரலால் தாங்கி, சூடு விரலுக்குத் தெரிந்ததும் வாளித் தண்ணீரில் முக்கி முக்கி அரைத்தார். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பொறுமையாகச் செய்தார். முனைப் பக்கம் வந்தபோது மட்டும் ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டது. நுனியில் இலேசாக நீலம் தெரிந்தது. அவரே அதைக் காட்டி, “இந்த எடம் கொஞ்சம் தேயும், பாத்துக்கங்க” என்றார். கூலி வாங்க மறுத்தவருக்கு மருமகள் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தார்.

மெலிந்த பிறகு

வாயிலிருந்து 1 செ.மீ. மேலே 2.4 மி.மீ. இருந்தது 1.4 ஆனது. முதுகு அதே 4 மி.மீ. எடையில் 30 கிராம் அளவு குறைந்தது. வீட்டில் மறுபடி 400, 1000 கற்களில் வாய் வைத்தோம். அன்று மருமகள் கேரட்டை வெட்டியபோது பலகையில் கத்தி தொடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. வெட்டு முகம் மேலிருந்து கீழ்வரை வழவழப்பு. பரங்கிக்காயில் இறுக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் சிக்கி நிற்பதில்லை.

வாய் மெலிந்ததால் இன்னொரு சோதனையும் செய்ய முடிந்தது. ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியின் மேல் வாயைச் சாய்த்து அழுத்தி இழுக்கும்போது, வாய் சற்று வளைந்து மறுபடி நேராக வந்தால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மெது. பொரிந்தால் அளவுக்கு மீறிய கடினம். தடித்த வாய் வளைந்தே கொடுக்காது என்பதால் முதல் நாள் இதைச் செய்யவில்லை. இப்போது அலகு முழுவதும் வாய் வளைந்து திரும்பியது. நீலம் தட்டிய நுனியில் மட்டும் திரும்பவில்லை. அந்த இடம் சீக்கிரம் மழுங்குகிறது; ஒவ்வொரு தடவை கல் வைக்கும்போதும் தேய்ந்து தேய்ந்து, சூடு ஏறாத இரும்பு வெளியே வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அரைத்ததில் படலம் போய்விட்டது. வெங்காயம் மறுபடி கறுத்தது, இந்தத் தடவை யாரும் பதறவில்லை. சில வாரத்தில் அலகு மீண்டும் சாம்பல் நிறத்துக்கு வந்து, பச்சடி வெங்காயமும் இப்போது நிறம் மாறாமல் வருகிறது.

மெலிவுக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் கோழிக்கால் எலும்பை இதே கத்தியால் ஓங்கி வெட்டிவிட்டார். வாயில் அரை மி.மீ. அளவுக்கு ஒரு பல் விட்டுப்போயிற்று. பழைய தடித்த வாயாக இருந்தால் இது நடந்திருக்காது. கேரட்டையும் எலும்பையும் ஒரே கத்தியால் நன்றாக வெட்ட முடியாது. எலும்புத் துண்டை இப்போது கடையிலேயே போட்டு வாங்குகிறார்கள். பல்லைக் கல்லில் எடுத்துவிட்டோம்.

மருமகள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தானே 1000 எண் கல் வைக்கிறார். தெருச் சாணைக்கு இந்தக் கத்தி போவதில்லை. தேங்காய் துருவல், மீன், வாழைப்பூ மூன்றும் மாமியாரின் அருவாமனையில்தான். அவர் விரல் ஆறிவிட்டது.

வேறு விதமாகச் செய்ய வேண்டியவை

கத்தி சொல்லும்போதே இன்ன காய்க்கு, யார் கைக்கு, நின்று வெட்டவா உட்கார்ந்து வெட்டவா என்று சொல்லியிருந்தால் இரண்டாம் பயணமே வேண்டியிருக்காது. அட்டையில் வடிவத்தை வரைந்து, முதுகின் தடிமனையும் வாய்ப்பக்கத்துத் தடிமனையும் எழுதிக் கொடுப்பது நல்லது. பிடித்த பழைய கத்தி ஒன்று இருந்தால் அதையே எடுத்துப்போய்க் கொல்லர் கையில் கொடுப்பது இன்னும் நல்லது. அளவுகளைவிடக் கையில் பிடித்துப் பார்ப்பது அவர்களுக்கு வேகமாகப் புரியும். பலகை, கத்திக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். கூர் ஏற்றும் முன்பே வீட்டில் எல்லோரும் எப்படி வெட்டுகிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் கட்டைவிரல் தப்பியிருக்கும். இதை நான் இப்போது மற்ற வீடுகளிலும் முதல் வேலையாக வைத்துக்கொள்கிறேன்.

வரிசை மட்டும் இதேபடி இருக்கட்டும் என்பேன். எஃகு, கூர், வடிவம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்ததால்தான், நல்ல தோய்ச்சல் உள்ள ஒரு கத்தி முதல் நாளே திருப்பிக் கொடுக்கப்படாமல் தப்பியது.

மாமியாருக்கென்று ஒரு சின்னக் கத்தி அதே கொல்லரிடம் சொல்லியிருக்கிறார்கள். 9 செ.மீ. அலகு, முதுகு ஒன்றரை மி.மீ. வில்பட்டையை அவ்வளவு மெலிதாக அடிப்பதைவிடப் பழைய மரம் அறுக்கும் வாள் தகட்டை வெட்டி, சூடேறாமல் அரைத்துச் செய்துவிடலாம் என்று அவரே யோசனை சொன்னார். இந்தத் தடவை அட்டையில் வரைந்தது மாமியார்.